அணியில்லாமல் ஒரு பதில்

என் செழியனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "கம்பெனியில இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். போடவா, வேணாமா? ஆமா இல்லன்னு ஒரே வார்த்தை சொல்லு, போதும்" என்றாய். கொரியாவுக்குப் போய் இத்தனை நாளில் நீ என்னிடம் இப்படி நேராக எதையும் கேட்டதில்லை. அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கிறதா? "செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பிடுச்சாம்டா. கரை வரைக்கும் தளும்புதாம். இன்னும் தொறக்கலையாம்" என்றேன். நீ, "நம்ம வூட்டுப் பக்கம் தண்ணி வராதுல்ல? எதுக்கும் நீ பத்திரமா இரு" என்றாய். அப்புறம் நான் கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொன்னேன், நீ அங்கே குளிர் தொடங்கிவிட்டதைச் சொன்னாய். வைத்துவிட்டோம்.

எனக்கு ஏரியைப் பற்றி என்னடா கவலை? நிறைந்து கிடந்தது நான். திறக்காமல் இருந்ததும் நான்தான். திறந்தால் கீழே இருக்கிறவர்களுக்குச் சேதம் என்று பயந்து அணை காத்துக்கொண்டிருந்ததும் நானேதான். பணியில் இருந்த காலமெல்லாம் ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளைகளுக்குப் பிறிது மொழிதல் அணி நடத்தியவள் நான். சொல்ல வந்ததை மறைத்துவிட்டு, அதைப் போன்ற வேறொன்றை மட்டும் சொல்லி, கேட்பவரே புரிந்துகொள்ளும்படி விடுவது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஒன்றை மட்டும் வகுப்பில் சொல்ல மறந்திருக்கிறேன். கேட்பவனுக்குப் புரியாவிட்டால் அந்த அணி வெறும் வானிலை அறிக்கையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. அதனால்தான் இதைப் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். பேசினால் மறுபடியும் ஏதாவது ஏரி குளம் என்று போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

உங்கள் அப்பாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மறைமலை நகர் கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தமிழ் டீச்சரைக் கட்டிக்கொண்டும் அவருடைய தமிழில் ஒரு எழுத்து மாறவில்லை. பசித்தால் "பசிக்குது" என்பார், கோபம் வந்தால் "கோவமா கீறேன், பேசாத" என்பார். அவர் வாயில் அலங்காரம் வருவது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மட்டும்தான். "தோச அட்ட மாதிரி கீது" என்றால் உவமை. இன்னும் கொஞ்சம் பசி அதிகமாக இருந்தால் "இன்னாடி, தட்டுல அட்டைய கொண்ணாந்து வெச்சிகீற?" என்பார். அது உருவகம். தோசை போய்விட்டது, அட்டை மட்டும்தான் இருக்கிறது. இதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகு உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவரும் மறந்ததில்லை. "என் மானத்த வாங்கறதுக்கு உனுக்கு கவர்மெண்ட்டு சம்பளம் வேற குடுக்குது" என்று அவர் திட்டுவார். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த யாரோ அவரைப் பார்த்து "அட்டை தோசை சார்" என்று சொன்னபோது வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

நேரே பேசாத நோய் உனக்கும் எனக்கும்தான். அது எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்த அன்று பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாய். "அம்மா, ஒரு ராஜா சண்டைக்குப் போனாரு. முப்பத்தஞ்சு யானை இருந்தாத்தான் கோட்டைய புடிக்க முடியும். அவர்கிட்ட இருபத்தெட்டுதான் இருந்துச்சு. ஆனா ராஜா ரொம்ப நல்லவரு" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். "கத நல்லாத்தான் கீது. கணக்குல எவ்ளோடா?" என்றார். நீ அழுதாய். நான் அவரை முறைத்தேன். பிள்ளை எவ்வளவு அழகாகச் சொல்கிறான், இந்த மனுஷன் இப்படிப் போட்டு உடைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அன்று இரவு உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நான் அந்த ராஜா கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நம் வீட்டில் கெட்ட செய்தி எல்லாம் ராஜாவுக்குத்தான் நடந்தது. ராஜாவின் தேர் ஆட்டோவில் உரசியது. ராஜாவுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் அரியணை கிடைக்கவில்லை. ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் "ராஜா பொண்ணு கேட்டு அனுப்பின தூதன் திரும்பி வந்துட்டான்மா" என்றாய். நான் உடனே, "அந்த நாட்டு இளவரசிக்கு ராஜாவோட அருமை தெரியல, வேற நாடே இல்லையா என்ன?" என்று பதில் கதை சொன்னேன். நீ சிரித்தாய். நானும் கதையை நன்றாக முடித்துவிட்ட திருப்தியில் துணி மடிக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் யார், அவள் பெயர் என்ன, உனக்கு எவ்வளவு வலித்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ராஜாவிடம் கேட்கவும் முடியாது, ராஜா ரொம்ப நல்லவர்.

நீ கொரியாவுக்குக் கிளம்பிய நாளில் ஒன்று நடந்தது, அது உனக்குத் தெரியாது. ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்தோம். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து, "லைன் நின்னுட்டா மாதிரி கீதுடி" என்றார். தோசையைத் தவிர வேறெதற்கும் அவர் உவமை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கோ டீச்சர் புத்தி. உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்ததை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "பரவாயில்லையே, உவமை எல்லாம் வருது. சரி, ரெண்டுக்கும் பொதுத்தன்மை என்ன, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் தெரியாது. அப்பிடித்தான் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தொழிற்சாலையில் மெஷின் நின்றால் சத்தம் இருக்காது, பையன் போனதும் வீட்டில் சத்தம் இல்லை, அதைத்தான் சொல்கிறார் என்று நானே பொருத்திக்கொண்டேன்.

இனி நான் எழுதப் போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை. நீ போன பிறகு ஒருநாள் காலை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குப் போன் போட வேண்டும். பக்கத்தில் நின்ற உன் மாமா என் கையைப் பிடித்து, "புள்ள தனியா அவ்ளோ தூரம் வரணும்கா. சீரியஸ்னு மட்டும் சொல்லு" என்றான். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் அது. வெளியூரில் இருக்கிறவனுக்கு யாரும் சாவை நேராகச் சொல்வதில்லை, "சீரியஸ், உடனே கெளம்பி வா" என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொன்னேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அப்பா பேசுவாராம்மா?" என்றாய். "மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்காங்கடா" என்றேன். இறந்தார் என்பதை இயற்கை எய்தினார் என்று சொல்வதற்கு மங்கல வழக்கு என்று இலக்கணத்தில் பெயர் உண்டு. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது. அந்த நேரத்திலும் என் வாயில் அது பிசிறில்லாமல் வந்தது. நீ "சரிம்மா" என்றாய். வேறெதுவும் கேட்கவில்லை. உனக்குத் தெரியவில்லை என்று நினைத்து நான் நிம்மதிப்பட்டேன்.

நீ வந்து இறங்கியபோது வாசலில் பந்தலைப் பார்த்தும் உன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெண்கள் எல்லாம் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நீ அவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். பையன் கல் மாதிரி இருக்கிறானே என்று உன் அத்தைகூட முணுமுணுத்தாள். காரியமெல்லாம் முடிந்து நீ திரும்பிப் போகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாய். "போன்லயே தெரிஞ்சிடுச்சும்மா. நீ 'தூங்க வெச்சிருக்காங்க'ன்னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சு. ப்ளைட்ல பக்கத்துல இருந்தவரு ஊருக்கு எதுக்குப் போறீங்கன்னு கேட்டாரு. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். நீ உயிரோட இருக்காருன்னு சொல்ற ஆளுக்கு நான் எப்பிடிம்மா அழுவறது?" என்றாய். பெட்டியின் ஜிப் மாட்டிக்கொண்டது, அதைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாய். நான் போய் ஊறுகாய் பாட்டிலுக்கு இன்னொரு கவர் போட்டுக் கொண்டுவந்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவ்வளவு தூரமும் உன்னைத் தனியாக அனுப்பி வைத்திருக்கிறேன். கூட அழுவதற்கு ஒரு குரல்கூட இல்லாமல் செய்திருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் செழியா. போனில் கேட்க வராது என்பதால் இங்கே கேட்கிறேன்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன். மாடிப் போர்ஷனில் போன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் நான்கைந்து பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், அது உனக்குத் தெரியும். நல்ல பெண்கள். ஷிப்டுக்குப் போகிறார்கள், வந்ததும் தூங்குகிறார்கள், பாவம். மற்றபடி வீட்டில் நானும் டிவியும்தான். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் இன்னும் நம் தெரு முனை வழியாகத்தான் போகின்றன. நீ முன்பு ஏறிய இடத்தில் ஒவ்வொரு பஸ்ஸும் கொஞ்சம் வேகம் குறைக்கும், பிறகு போய்விடும். உன்னைத் தேடிவிட்டுத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றும். இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞன் தன் மனக்குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. பஸ் வேகம் குறைப்பதற்குக் காரணம் அங்கே போட்டிருக்கிற வேகத்தடை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் கேட் அருகே போய் நிற்கிறேன். குக்கர் விசில் அடித்தால் யாரோ கூப்பிடுவதாகத் திரும்புகிறேன். இரண்டு பேருக்கு வைத்த ரசம் மீந்துபோனால் அதன் மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது. கவிஞர்கள் இதை ஒரு பாட்டில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு நாள் முழுக்க இதே பிழைப்பாக இருக்கிறது.

சென்ற வாரம் மாடியில் இருக்கிற மாரிச்செல்வி மதியமே வந்துவிட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், கொஞ்சம் வாயாடி. கேட்டைத் திறக்கும்போதே, "இன்னைக்கு லைன் நின்னுட்டு டீச்சர். ரொம்ப நேரம் பாத்துட்டு, கடைசில போங்கன்னுட்டாவ" என்றாள். காபி கொடுத்தேன். "லைன் நின்னா நல்லதுதான? சத்தமில்லாம கொஞ்சம் உக்காரலாம்" என்றேன். "அய்ய, உக்காரவா? யாரு விடுதா? அவங்கவங்க எடத்துலயே நிக்கணும் டீச்சர். எந்த நேரமும் லைன் ஓட ஆரம்பிச்சிரும்லா? கை சும்மா இருக்கும், ஆனா அங்கிட்டு இங்கிட்டு போவ முடியாது. வேல பாக்கதுகூட லேசு. இது ஒடம்பெல்லாம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். நான் அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

நீ போன பிறகு அவர் சாயங்காலங்களில் வெளியே போவதை நிறுத்திவிட்டார். கோயில் குளம் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாங்களேன் என்று நான் நச்சரிப்பேன். "வேணா, கால் வலிக்குது" என்பார். ரிட்டையர் ஆனதும் சோம்பேறியாகிவிட்டார் என்று உன்னிடம்கூடப் போனில் கேலி செய்திருக்கிறேன். உன் போன் வருகிற நேரம்தான் அந்தச் சாயங்காலம். சில நாள் வரும், பல நாள் வராது. அவர் தன் இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்த உவமைக்குப் பொருள் 'சத்தம் இல்லை' என்பது அல்ல. கை சும்மா இருக்கிறது, ஆனால் இடத்தை விட்டுப் போகக் கூடாது. நான் அவரிடம் பொதுத்தன்மை கேட்டேனே, அது இதுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே வீட்டில் எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன். உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அந்தப் பெண் சொன்னது உண்மை.

நீ கதையும் கவிதையும் படிக்கிறவன். படித்துக்கொண்டிரு. ஆனால் உன் அம்மா நடத்திய மாதிரிப் படிக்காதே. இலக்கணம், சான்று, பொருத்தம் என்று எழுதினால் முழு மார்க் கிடைக்கும், அதோடு சரி. இது என்ன அணி என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஆள் இதை ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டுப் பார். சில பேர் நேராகச் சொன்னால் போதாது என்பதால் சுற்றிச் சொல்கிறார்கள். அப்பா சொன்ன லைன் அந்த வகை, அதைவிடக் குறைவாகவும் சரியாகவும் அதைச் சொல்லியிருக்க முடியாது. சில பேர் நேராகச் சொல்லப் பயந்து சுற்றிச் சொல்கிறார்கள். என் ஏரியும் உன் ராஜாவும் அந்த வகை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் நான் ஏமாந்தேன். உன்னோடு வாழப் போகிறவள் ஒருநாள் செடி வாடுகிறது என்று சொன்னால், தண்ணீர் ஊற்று, ஆனால் ஊற்றிவிட்டு அவள் பக்கத்திலும் வந்து உட்கார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் ஆபீஸில் ஒருத்தன் இருப்பதாக அடிக்கடி சொல்வாயே. தீபாவளிக்குத் தனியாகச் சேமியா பாயசம் வைத்து, ரூமிலேயே குடித்துவிட்டுத் தூங்கினான் என்றாய். லீவு நாளில் பேச ஆள் இல்லாமல் மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவான் என்றாய். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று நானும் சொன்னேன். இத்தனை நாளில் அவன் பெயரை நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. யார் பெற்ற பிள்ளை என்று இப்போது எனக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடவா வேணாமா என்று நீ என்னைக் கேட்டதிலும், இன்னும் மூன்று வருஷம் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம் ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான் தப்பாகவும் இருக்கலாம். தனியாக இருக்கிறவளுக்கு எல்லாவற்றின் மேலும் தன் குறிப்பை ஏற்றிப் பார்க்கிற வியாதி உண்டு என்றுதான் மேலேயே ஒப்புக்கொண்டுவிட்டேனே.

ஆகவே என் பதிலை அணி எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். அப்பா இருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படி. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பயமாகவும் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வாராவாரம் சொன்னது பொய். நீ வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இது உத்தரவு இல்லை, உன் வேலை, உன் வயது, உன் கணக்கு எல்லாம் உனக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போட முடிவு செய்தால் நான் செத்துப்போக மாட்டேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன், கொஞ்சம் அழுவேன். ஆனால் அம்மா சௌக்கியமாக இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு மட்டும் போடாதே. ஒரே வார்த்தை கேட்டாய். வேண்டாம். போடாதே. வீட்டுக்கு வா.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். உனக்கு எப்படி இருக்கிறது என்று சொல். ராஜாவை அனுப்பாதே, நீ பேசு.

அம்மா